இரவு இரண்டு மணிக்கு யார் திருப்பிப் படுக்க வைப்பார்கள்?

பராமரிப்பு இல்லம் தேடுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு நிதானமாகத் தேட அவகாசம் கிடைப்பதில்லை. மருத்துவமனையில் ஒருநாள் காலை ரவுண்ட்ஸ் வரும் டாக்டர், "நாளை மறுநாள் டிஸ்சார்ஜ் பண்ணிடலாம், வீட்ல பார்த்துக்க ஆள் இருக்காங்கல்ல?" என்று கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவார். அந்தக் கேள்விக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது அவர் போன பிறகுதான் உறைக்கும்.

எங்களுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. அப்பாவுக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறும், ஆனால் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் புரியும். விழுங்குவதில் சிரமம். ஞாபகம் சில நாள் தெளிவாக இருக்கும், சில நாள் கலங்கிப்போகும். அம்மாவுக்கு முதுகுத்தண்டில் பிரச்சினை, அவரால் அப்பாவைத் தூக்கி உட்கார வைக்க முடியாது. நானும் அக்காவும் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டிலேயே ஆள் வைத்துப் பார்க்கலாம் என்றால், பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர், அவர்கள் லீவு எடுக்கும் நாளுக்கு இன்னொருவர். அப்பாவைக் கட்டிலில் இருந்து இறக்க ஒரே நேரத்தில் இரண்டு பேர் வேண்டும் என்பதால் அந்தக் கணக்கும் உதைத்தது. உறவினர்கள் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. இந்த முடிவை எடுத்த எல்லாரும் அதே வசனங்களைத்தான் கேட்டிருப்பார்கள்.

இப்போது தெரிந்தவர்கள் யாராவது போன் செய்து, "எந்த இல்லம் நல்லா இருக்கும்?" என்று கேட்டால் நான் பதிலுக்கு, "யாருக்கு?" என்று கேட்கிறேன். நன்றாக நடக்கிற, ஆனால் வழி மறந்துபோகிற ஒருவருக்கு ஏற்ற இடம், புத்தி தெளிவாக இருந்து உடம்பு அசையாத ஒருவருக்குச் சிறையாகிவிடும். அதனால் நாங்கள் இல்லங்களைப் பார்க்கக் கிளம்பும் முன்பே அப்பாவின் 24 மணி நேரத்தை ஒரு தாளில் எழுதினோம். எழுந்திருப்பதில் தொடங்கி, இரவில் எத்தனை தடவை சிறுநீருக்குக் கூப்பிடுகிறார் என்பது வரை.

இதற்கு ஏற்கெனவே அளவுகோல்கள் இருக்கின்றன. அமெரிக்க மருத்துவர் சிட்னி கட்ஸும் அவர் குழுவினரும் 1963-இல் வெளியிட்டது மிக எளிமையானது: குளித்தல், உடுத்துதல், கழிப்பறைக்குப் போதல், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், மலசலக் கட்டுப்பாடு, தானே உண்ணுதல் என்று ஆறே விஷயங்கள். 1965-இல் வந்த பார்தெல் அளவுகோலில் பத்து விஷயங்கள், மொத்தம் 100 புள்ளி. அதில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதற்கும் நடப்பதற்கும் மட்டும் தலா 15 புள்ளி கொடுத்திருக்கிறார்கள். முகம் கழுவிக்கொள்வதற்கு 5-தான். ஒருவரைப் பார்த்துக்கொள்வதில் முதுகு ஒடிகிற வேலை எது என்பது அந்தப் புள்ளிகளிலேயே தெரிகிறது. மருத்துவமனை பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டால் பத்து நிமிடத்தில் போட்டுக் கொடுத்துவிடுவார். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இல்லங்களுக்குப் போனால் பேச்சின் தரமே மாறிவிடும்.

இந்த இடத்தில் குடும்பங்கள் வழக்கமாகச் செய்கிற ஒன்று உண்டு. "அதெல்லாம் அவரே பண்ணிக்குவார், லேசாப் பிடிச்சா போதும்" என்று குறைத்துச் சொல்வது. கொஞ்சம் மானப் பிரச்சினை, கொஞ்சம் சேர்க்க மாட்டார்களோ என்ற பயம். சேர்ந்த சில வாரங்களில் இல்லத்துக்காரர்கள் மறுமதிப்பீடு செய்து அடுத்த கட்டணப் பிரிவுக்குத் தூக்கிவிடுவார்கள். அதைவிட மோசம், ஒரு ஆள் போதும் என்று நம்பி ஒற்றை ஆளாகத் தூக்கப் போய்க் கீழே போட்டுவிடுவார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவதுதான் எல்லாருக்கும் நல்லது.

நகரத்தில் தேடும்போது முதலில் வருகிற சண்டை தூரம் பற்றியது. எங்கள் வீட்டிலும் வந்தது. ஊருக்கு வெளியே ஒரு இடம், மரங்கள், அகலமான வராந்தா, பறவைச் சத்தம். ஊருக்குள்ளே இன்னொரு இடம், நாலு மாடிக் கட்டடம், ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர். அக்காவுக்கு முதலாவது பிடித்துவிட்டது. எனக்கும்தான். ஆனால் அந்த மரங்களைப் பார்க்க அப்பாவை யாராவது வெளியே கூட்டி வரவேண்டுமே. நாங்கள் போயிருந்த மாலை நேரம், வெயில் இல்லை, மழை இல்லை, அந்த அழகான தோட்டத்தில் ஒருவர்கூட இல்லை. வீல்சேர்கள் வராந்தா ஓரமாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. படத்தில் நன்றாக இருப்பது ஒன்று, உள்ளே இருப்பவருக்குப் பயன்படுவது வேறொன்று.

என்னைக் கேட்டால், நகரத்தில் தூரம்தான் பாதித் தீர்ப்பு. வேலை முடிந்து திரும்பும் வழியில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகிற தூரத்தில் இருந்தால் அடிக்கடி போவோம், சொல்லாமல் போவோம், அரை மணி நேரம் இருந்துவிட்டு வருவோம். தூரமாக இருந்தால் விடுமுறை நாளில் மட்டும், போன் செய்துவிட்டு, எல்லாரும் சேர்ந்து போவோம். அந்த நாளுக்கு மட்டும் அவர் பளிச்சென்று இருப்பார். வீட்டாள் அடிக்கடி வருகிற கட்டிலை ஊழியர்களும் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்கிறார்கள், இது மனித இயல்பு, இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அம்மா தனியாக பஸ்ஸிலோ ரயிலிலோ போய்வர முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும். அவர்தான் அதிகம் போகப் போகிறவர். அப்புறம் பெரிய மருத்துவமனை எவ்வளவு பக்கம் என்பது. ரத்தக்கட்டியால் வரும் பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு உண்டு என்பதால் எங்களுக்கு இது வெறும் தகவலாக இல்லை.

சரி, இல்லத்துக்குள் போவோம்.

காலை பத்தரை மணிக்கு நேரம் வாங்கிக்கொண்டு போனால் மேனேஜர் காட்டுவதைத்தான் பார்க்கலாம். தரை துடைத்து, எல்லாருக்கும் குளிப்பாட்டி, அன்றைய நாளின் மிக அழகான வேளை அது. ஒருமுறை அப்படிப் போய் அலுவலக விஷயங்களைப் பேசிவிட வேண்டியதுதான். அப்புறம் சாப்பாட்டு நேரத்தில் போக வேண்டும். அப்புறம் விடுமுறை நாளின் மாலை, ஆறரை ஏழு மணிவாக்கில். பகல் ஷிஃப்ட் கிளம்பி இரவு ஷிஃப்ட் வருகிற நேரம் அது. யார் யாரிடம் என்ன சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்பதை வரவேற்பறையில் உட்கார்ந்தே கேட்கலாம். "பன்னெண்டாம் நம்பர் இன்னிக்கு சரியா சாப்பிடல, ராத்திரி தண்ணி கேட்டா கொஞ்சம் பாரு" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனால் அது நல்ல இடம். பேரைச் சொல்லியிருந்தால் இன்னும் நல்ல இடம்.

மூத்திர வாடை பற்றி எல்லாரும் எச்சரிப்பார்கள். ஒரு அறையில், ஒரு வேளையில் வாடை வருவது இயல்பு. இப்போதுதான் யாருக்கோ மாற்றிக்கொண்டிருப்பார்கள். நடைபாதை முழுக்க, எந்த நேரம் போனாலும் வந்தால் அதுதான் பிரச்சினை. கதவைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கிற அளவுக்கு வாசனைத் திரவம் அடித்திருந்தாலும் எனக்குச் சந்தேகம்தான்.

நான் பார்க்கக் கற்றுக்கொண்டவை சின்னச் சின்ன விஷயங்கள். உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் கண்ணாடியைப் போட்டிருக்கிறார்களா, அந்தக் கண்ணாடி துடைத்திருக்கிறதா. காது மெஷின் காதில் இருக்கிறதா, மேசை டிராயரில் இருக்கிறதா. பல் செட் வாயில் இருக்கிறதா. நகம் வெட்டியிருக்கிறதா. தண்ணீர் டம்ளர் கை எட்டும் இடத்தில் இருக்கிறதா. இதில் எதற்கும் பெரிய செலவு இல்லை, ஆள் நினைத்துப் பார்த்துச் செய்தால் மட்டுமே நடக்கும். அழைப்பு மணியும் அப்படித்தான். ஒரு இல்லத்தில் எல்லாக் கட்டிலிலும் மணி இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னார்கள். அப்பாவுக்குத் தருவதாகக் காட்டிய கட்டிலில் அது வலது பக்கச் சுவரில் ஆணியில் மாட்டியிருந்தது. அப்பாவுக்கோ வலது கை இல்லாத மாதிரிதான். "இதை இடப்பக்கம் மாத்த முடியுமா?" என்று கேட்டேன். "வயரிங் அப்படி சார்" என்றார் மேனேஜர். இன்னொரு இல்லத்தில் நான் எதுவும் கேட்கும் முன்பே அங்கிருந்த நர்ஸ், "ஐயாவுக்கு எந்தக் கை சார் வேலை செய்யும்?" என்று கேட்டார்.

படுக்கைப்புண் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு இல்லத்தின் வண்டவாளம் முழுக்க அதில்தான் தெரியும்.

அசையாமல் படுத்திருப்பவரின் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சிக்கிய தோலுக்கும் சதைக்கும் ரத்தம் போவது தடைப்படுகிறது. முதுகின் அடிப்பகுதி, இடுப்பெலும்பு, குதிகால் ஆகியவைதான் முதலில் கெடும் இடங்கள். ஈரமும், இழுத்து நகர்த்தும்போது ஏற்படும் உராய்வும், சத்துக் குறைவும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். தொடக்கத்தில் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு, கடைசிக் கட்டத்தில் எலும்பு தெரிகிற குழி. கருத்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குப் படாமலே போகலாம், தொட்டுச் சூட்டையும் கடினத்தையும் பார்க்கத் தெரிய வேண்டும். டோரீன் நார்ட்டன் என்ற பிரிட்டிஷ் செவிலியர் 1962-லேயே, யாருக்குப் புண் வரும் என்று முன்கூட்டிக் கணிக்க ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கினார். இப்போது பரவலாகப் புழங்குவது 1987-இல் வந்த பிரேடன் அளவுகோல். ஆறு அம்சங்கள், 6 முதல் 23 வரை மதிப்பெண், குறையக் குறைய ஆபத்து அதிகம். "சேரும்போது பிரேடன் ஸ்கோர் போடுவீர்களா?" என்று கேளுங்கள். கேள்வியே புரியாத முகத்தைப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்.

புண் வராமல் காக்கிற முக்கியமான வேலை, குறித்த நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது வழக்கம். ஆளையும் மெத்தையையும் பொறுத்து மாறலாம். இதற்குக் கட்டிலின் கால்மாட்டில் ஒரு சார்ட் தொங்கும். எந்தப் பக்கம், எத்தனை மணி, யார் கையெழுத்து. நாங்கள் பார்த்த ஒரு பளபளப்பான இல்லத்தில், ஒரு பாட்டியின் கட்டிலில் தொங்கிய சார்ட்டைச் சும்மா எடுத்துப் பார்த்தேன். அப்போது மணி மாலை நாலு இருக்கும். ஆறு மணிக் கட்டத்திலும் எட்டு மணிக் கட்டத்திலும் ஏற்கெனவே டிக் போட்டு, இனிஷியலும் வைத்திருந்தார்கள். ஒரே பேனா, ஒரே சாய்வு, வரிசையாக. பாட்டி அப்போது மல்லாந்து படுத்திருந்தார். சார்ட்டின்படி அவர் இடப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். எங்களுக்குச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தவர் என் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கி மாட்டிவிட்டு, "இங்க டிவி ரூம் பாருங்க சார்" என்றார்.

அந்த டிக்கைப் போட்ட உதவியாளர் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரவில் முப்பது பேருக்கு இரண்டு உதவியாளர்கள் என்று வைத்துக்கொள்வோம். முப்பதில் பன்னிரண்டு பேரைப் புரட்ட வேண்டும். ஒருவரைப் புரட்ட இரண்டு பேரும் சேர்ந்து ஐந்து நிமிடம். ஒரு சுற்று முடிய ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்றால் இரவின் பாதி இதிலேயே போய்விடும். மீதிப் பாதியில்தான் டயாப்பர் மாற்றுவது, மணி அடித்தவரைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, தூங்காமல் எழுந்து நடக்கிற ஒருவரைப் பிடித்து உட்கார வைப்பது எல்லாம். ஒருவர் கீழே விழுந்துவிட்டால் அந்தச் சுற்று போச்சு. அப்போது டிக் மட்டும் விழும், ஆள் திரும்ப மாட்டார். அதனால் நான் எல்லா இடத்திலும் கேட்டது ஒரே கேள்விதான்: இரவு இரண்டு மணிக்கு இந்த மாடியில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள், அதில் நர்ஸ் எத்தனை பேர்? "எங்களுக்கு மொத்தம் நாற்பது ஸ்டாஃப்" என்பது இதற்குப் பதில் ஆகாது. சமையல்காரரும் டிரைவரும் சேர்ந்ததுதான் அந்த நாற்பது.

"இப்போ எத்தனை பேருக்குப் படுக்கைப்புண் இருக்கு?" என்றும் கேட்டேன். "எங்ககிட்ட யாருக்குமே வந்ததில்லை" என்பவர்களை நம்பவில்லை. மருத்துவமனையிலிருந்து புண்ணோடு வருபவர்களைச் சேர்த்துக்கொள்கிற எந்த இல்லத்திலும் எப்போதும் ஒன்றிரண்டு இருக்கும். நாங்கள் கடைசியில் தேர்ந்தெடுத்த இடத்தில் தலைமை நர்ஸ் கொஞ்சம் யோசித்து, "ரெண்டு பேருக்கு. ஒண்ணு ஆஸ்பத்திரியில் இருந்து வந்தது, ஆறிக்கிட்டு வருது. இன்னொண்ணு இங்க வந்ததுதான், குதிகால்ல, கவனிக்காம விட்டுட்டோம்" என்றார். பிறகு என்ன மாற்றினார்கள் என்றும் சொன்னார். அந்தக் கட்டடத்துக்கு ஜன்னல் வழியே சுவர்தான் தெரியும் என்பதை அந்தப் பதிலுக்காகவே மன்னித்துவிட்டேன்.

அடுத்தது, தொந்தரவு செய்கிறவர்களை என்ன செய்கிறார்கள் என்பது. நேரடியாகக் கேட்டால் எல்லாரும் "அன்பாப் பேசிப் புரிய வைப்போம்" என்பார்கள். சுற்றிப் பார்த்தால் வேறு கதை. நாற்காலியோடு துணியால் இடுப்பைக் கட்டியிருப்பது, எழ முடியாதபடி முன்னால் மேசையைப் பூட்டியிருப்பது, பட்டப்பகலில் கூடம் முழுக்கத் தலை தொங்கித் தூங்குவது. ஊழியர்களின் வசதிக்காகவோ தண்டனையாகவோ கட்டிப்போடக் கூடாது என்பது அமெரிக்காவில் 1987 முதல் சட்டத்தில் இருக்கிற உரிமை. கட்டுவதற்குப் பதில் மாத்திரை கொடுப்பதும் ஒருவகைக் கட்டுதான். மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு மனநோய்க்கான சில மருந்துகளைக் கொடுப்பது இறப்பு அபாயத்தைக் கூட்டுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை வெளியிட்டது. 2008-இல் பழைய தலைமுறை மருந்துகளுக்கும் அதை நீட்டித்தது. சில சமயம் அந்த மருந்து தேவைப்படும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் புதிதாக எதையாவது தொடங்கினால் எங்களுக்குச் சொல்வீர்களா, யார் எழுதிக் கொடுப்பார், எப்போது நிறுத்திப் பார்ப்பார் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. கட்டிலின் பக்கக் கம்பியும் பார்க்கப் பாதுகாப்பாகத் தெரியும். குழம்பிய நிலையில் இருப்பவர் அதன் மேல் ஏறி இறங்கப் பார்ப்பார், விழுகிற உயரம் கூடிவிடும். கட்டிலையே தரையோடு தாழ்த்துகிற வசதி இருந்தால் அதுவே பல பேருக்குப் போதும்.

சாப்பாட்டு நேரத்தைப் பார்க்கச் சொன்னேன் அல்லவா. என்ன பரிமாறுகிறார்கள் என்பதைவிட எப்படி ஊட்டுகிறார்கள் என்று பாருங்கள். ஒரு இடத்தில் உதவியாளர் நின்றுகொண்டே இரண்டு பேருக்கு மாறி மாறி ஊட்டினார். வாயில் இருப்பது இறங்கும் முன்பே அடுத்த கரண்டி. ஊட்டப்படுகிறவர் அண்ணாந்து பார்த்தபடி விழுங்கினார். விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு இதைவிட ஆபத்தான நிலை இல்லை. தலையை அண்ணாந்தால் மூச்சுக்குழாய்க்குள் போகும் வாய்ப்பு அதிகம். இன்னொரு இடத்தில் ஒரு இளம்பெண் ஸ்டூல் போட்டு, தாத்தாவின் கண் மட்டத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டார். நிமிர்த்தி உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, சின்னக் கரண்டியில் பாதி. தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்தது. நடுவில் ஒருமுறை வாயைத் திறக்கச் சொல்லி, செயலிழந்த பக்கக் கன்னத்தில் எதுவும் தங்கியிருக்கிறதா என்று பார்த்தார். முடிந்ததும் படுக்க வைக்கவில்லை. "அரை மணி இப்படியே இருங்க தாத்தா, அப்புறம் படுக்கலாம்." யார் இவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்று விசாரித்தேன். அதே தலைமை நர்ஸ்தான்.

வாய் சுத்தம் பற்றி யாரும் கேட்பதில்லை. வாயில் பெருகும் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்கித்தான் பல பேருக்கு நிமோனியா வருகிறது. ஜப்பானில் 11 பராமரிப்பு இல்லங்களில் நடத்தி 1999-இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் சாப்பாட்டுக்குப் பின் பல்துலக்கிவிட்டவர்களுக்கு நிமோனியா கணிசமாகக் குறைந்தது. பின்னாளில் அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில் அப்படிப் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எது எப்படியோ, நாள் முழுக்க வாய் நாறக் கிடப்பதை யாரும் விரும்ப மாட்டார்கள். அப்பாவின் பிரஷ் ஈரமாக இருக்கிறதா என்று நான் தொட்டுப் பார்ப்பதுண்டு. துப்பறியும் வேலை மாதிரி இருக்கும், இருக்கட்டும்.

ஊழியர்களிடம் பேசும்போது சம்பளம் பற்றியோ குறை பற்றியோ கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம். "இங்க வந்து எவ்வளவு நாளாச்சு?" என்ற ஒன்று போதும். கேட்கிற எல்லாரும் போன மாதம் வந்தவர்களாக இருந்தால் அந்த இடத்தில் யாரும் நிலைப்பதில்லை என்று அர்த்தம். அப்பா குழறலில் "கா" என்றால் கால் வலிக்கிறது, "காஆ" என்றால் காற்றாடியைப் போடச் சொல்கிறார் என்பதை ஏஜென்சி மூலம் இன்று வந்து நாளை போகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

நகரத்துக் கட்டடங்களில் பார்க்க வேண்டிய சிலவும் உண்டு. லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் படுக்கை வசமாக உள்ளே போகிறதா? ஒரு இல்லத்தில் போகாது, நாற்காலியில் உட்கார வைத்துத்தான் இறக்க வேண்டும் என்றார்கள். மயங்கிக் கிடப்பவரை எப்படி உட்கார வைப்பது? மின்சாரம் போனால் லிஃப்டுக்கும் ஆக்சிஜன் கருவிக்கும் மாற்று ஏற்பாடு இருக்கிறதா? தீ பிடித்தால் மூன்றாம் மாடியில் படுத்த படுக்கையாக இருப்பவர்களை இரவு ஷிஃப்டில் இருக்கும் ரெண்டு பேர் எப்படி இறக்குவார்கள்? முடிந்தவரை கீழ்மாடிகளையே கேளுங்கள். ஆம்புலன்ஸ் வாசல் வரை வருமா என்பதை, தெருவில் வண்டிகள் நிறுத்தியிருக்கும் மாலை நேரத்தில் பார்த்தால்தான் தெரியும்.

மறதிநோய் உள்ளவர்களுக்கான இடங்கள் பற்றிப் படித்தபோது நெதர்லாந்தில் ஹோகவே என்ற குடியிருப்பு பற்றி அறிந்தேன். ஆம்ஸ்டர்டாமுக்குப் பக்கத்தில் வேஸ்ப் என்ற ஊரில் 2009-இல் திறந்தது. சிறு சிறு வீடுகள், தெரு, கடை, சதுக்கம் எல்லாம் ஒரே பாதுகாப்பான வளாகத்துக்குள். ஏக்கமாகத்தான் இருந்தது. அந்த மாதிரி இடம் எல்லாருக்கும் வாய்க்காது. ஆனால் அதில் ஒரு பகுதியை எங்கேயும் தேடலாம்: அறுபது பேரை ஒரே கூடத்தில் டிவி முன்னால் உட்கார வைக்காமல், ஆறேழு பேராகப் பிரித்து, அதே ஊழியர்களைத் தொடர்ந்து அதே குழுவுக்கு விடுகிற இல்லங்கள்.

ஒப்பந்தம் பற்றிச் சுருக்கமாக. மாதக் கட்டணத்தில் எது சேரும், எது சேராது என்பதை வரி வரியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். டயாப்பர், பிசியோதெரபி, மருத்துவமனைக்குத் துணைக்கு வருகிற ஆள், ஆக்சிஜன் ஆகிய நாலும்தான் பெரும்பாலும் பில்லில் தனியாக முளைக்கும். மருத்துவமனையில் சேர்த்தால் கட்டிலை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், அந்த நாட்களுக்கு முழுக் கட்டணமா? எந்தக் காரணத்துக்காக அவரை வெளியேறச் சொல்வார்கள், எவ்வளவு அவகாசம் தருவார்கள்? இறந்துபோனால் முன்பணம் எப்போது திரும்பக் கிடைக்கும்? கடைசிக் கேள்வியைக் கேட்க நாக்கு கூசும். கேட்டுவிடுங்கள். அவர்களுக்கு அது தினசரி விஷயம். அந்தந்த நாட்டு விதிப்படி உரிமம் இருக்கிறதா, ஆய்வு அறிக்கை பொதுவில் கிடைக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் பார்த்து முடித்து, தனி அறை கிடைக்கும் இடமாக ஒன்றை நானும் அக்காவும் முடிவு செய்திருந்தோம். அப்பா வாழ்நாள் முழுக்கத் தனக்கென்று ஒரு மூலை வேண்டும் என்று இருந்தவர். பேப்பர் படிக்கும்போது பேசினால் பிடிக்காது. தனி அறைதான் அவருக்கு ஏற்றது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. மருத்துவமனையில் அவரிடம் சொன்னபோது தலையை ஆட்டினார். ஆமாம் என்கிற ஆட்டம் இல்லை. அக்கா காதை அவர் வாய்ப்பக்கம் கொண்டுபோனாள். "ரெண்டு... கட்டில்" என்றார். ஏன்பா என்று கேட்டதற்குப் பதில் வர நேரம் எடுத்தது. ராத்திரி எனக்கு ஏதாவது ஆனால் பக்கத்தில் இருக்கிறவன் கத்துவான் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

மணி எந்தப் பக்கம் இருக்கிறது, எத்தனை நொடியில் ஆள் வருகிறார் என்றெல்லாம் நாங்கள் அளந்துகொண்டிருந்தபோது, அவர் படுத்த இடத்திலேயே அதைவிட நல்ல மணி ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். சேரப்போகிறவரோடு பேசாமலே இந்த முடிவை எடுக்கிற குடும்பங்கள் பல. பேச்சு குழறுகிறது, ஞாபகம் சரியில்லை, எதற்கு மனசைக் கஷ்டப்படுத்துவது என்று நினைப்பார்கள். எல்லாவற்றையும் தீர்மானிக்க முடியாதவருக்குக்கூடச் சிலவற்றைத் தீர்மானிக்க முடியும். தெளிவாக இருக்கிற நாளில், தெளிவாக இருக்கிற வேளையில் கேட்க வேண்டும், அவ்வளவுதான். முடிந்தால் இரண்டு மூன்று வாரம் தற்காலிகத் தங்கலாகச் சேர்த்துப் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவது இன்னும் நல்லது. பல இல்லங்கள் இதற்கு ஒத்துக்கொள்கின்றன.

சேர்க்கை நாளில் ஒரு படிவம் வரும். இதயம் நின்றுபோனால் மார்பை அழுத்தி மீட்க முயல வேண்டுமா, ஐசியூவுக்கு மாற்ற வேண்டுமா, மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்க வேண்டுமா என்றெல்லாம் கேட்கும். கவுன்ட்டரில் நின்றபடி, பேனாவைக் கையில் திணித்த பிறகு யோசிக்கிற விஷயம் இல்லை இது. படிவத்தை முன்கூட்டியே வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, அப்பாவிடமும் அம்மாவிடமும் டாக்டரிடமும் பேசி, பிறகு நிரப்பினோம். அக்காவுக்கும் எனக்கும் ஒரு கேள்வியில் கருத்து ஒத்துப்போகவில்லை. அப்பாவே அதற்குப் பதில் சொன்னார். என்ன சொன்னார் என்பது அவர் விஷயம்.

முதல் சில வாரங்கள் மோசமாகத்தான் இருக்கும். புது இடத்தில் குழப்பம் கூடும், இரவில் தூங்க மாட்டார், கூட்டிக்கொண்டு போ என்பார். அதை வைத்து இடம் சரியில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அதற்காக எல்லாவற்றையும் "புது இடம்தானே" என்று விட்டுவிடவும் கூடாது. திடீரென்று ஒரே நாளில் குழம்பினால் பெரும்பாலும் சிறுநீர்த் தொற்றோ, நீர்ச்சத்துக் குறைவோ, மலச்சிக்கலோ, புது மருந்தோ ஏதாவது காரணம் இருக்கும், டாக்டர் பார்க்க வேண்டும். மாதா மாதம் எடையைக் கேட்டு வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதத்தில் 10 சதவீதமோ குறைந்தால் அது எச்சரிக்கை. போகும்போது போர்வையை விலக்கிக் குதிகாலைப் பாருங்கள். குறை சொல்வதென்றால் இன்ன நாள், இன்ன நேரம், இன்னது நடந்தது என்று சொல்லுங்கள். "இங்க யாரும் சரியாப் பாக்கறதில்ல" என்று பொதுவாகக் கத்தினால் நல்லவர்கள்தான் புண்படுவார்கள். பாராட்டவும் அதே மாதிரி நாள், நேரம், பேரோடு சொல்ல வேண்டும்.

எங்களுக்கு இதுவரை வந்த பெரிய வழக்கு கண்ணாடி. எல்லாத் துணியிலும் பேர் எழுதச் சொன்னார்கள், எழுதினோம், கண்ணாடியில் எழுதத் தோன்றவில்லை. குளிப்பாட்டும் அவசரத்தில் அப்பாவின் கண்ணாடியும் பக்கத்துக் கட்டில்காரருடையதும் மாறிப்போய், அம்மா போய்ப் பார்த்தபோது அப்பா அவருடையதைப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா பதறிப்போய் நர்ஸைக் கூப்பிட்டார். கழற்றித் தரச் சொன்னால் அப்பா தர மாட்டேன் என்கிறார், இதில்தான் எழுத்து நன்றாகத் தெரிகிறதாம். கண் டாக்டரிடம் காட்ட வேண்டும். பக்கத்துக் கட்டில்காரரையும்தான்.